மோட்டாருக்குத் தைத்த உறை

எங்கள் வீட்டு மிக்சிக்கு ஒரு துணி உறை உண்டு. பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அகலம் அதிகம். அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்ட சின்னப் பெண்ணைப் போல மிக்சி அதற்குள் தொளதொளவென்று நிற்கும். அது மிக்சிக்குத் தைத்ததே இல்லை, தண்ணீர் உறிஞ்சும் மோட்டாருக்குத் தைத்தது. தைத்தவர் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவின் முதல் வீட்டிலிருந்த தையல்கார அக்கா.

கூட்ஸ் யார்டு சுவரை ஒட்டிய தெரு எங்களுடையது. தெருவுக்கு ஒரே குடிநீர்க் குழாய். அது அக்கா வீட்டில் தொடங்கி எங்கள் வீட்டில் முடியும். வீட்டுக்கு வீடு அடிபம்பு. விடியும் முன்னே தண்ணீர் விடுவார்கள், அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது வந்துகொண்டிருந்ததும் சுருங்கிப்போனது. அக்காவுக்குத் தோள்வலி. காலையில் பம்பு அடித்தால் பகலில் கத்தரி பிடிக்க முடியவில்லை என்று குழாயில் ஒரு மோட்டாரைப் பொருத்தினார். குழாயில் மோட்டார் வைக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அளவு கொடுக்க வந்து உட்காரும் வீடு அது. வந்தவர்கள் ஜாக்கெட்டை மட்டுமா பார்த்தார்கள்? நிறைந்து வழிந்த டிரம்மையும் பார்த்தார்கள். அடுத்த வீட்டில் மோட்டார் வந்தது, எதிர்வீட்டில் வந்தது, பிறகு தெரு முழுக்க உறுமல். கடைசியாக அம்மாவும் ஒன்று வாங்கினாள். அது காற்றை மட்டும் மிகச் சிறப்பாக இறைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் நான் எம்.எஸ்சி. கணிதத்தில் எடுத்திருந்த புராஜெக்ட்டும் இதுதான். கல்லூரிக் கணினியின் திரையில் புள்ளிகள். புள்ளிகளுக்கிடையே கோடுகள். கோடு இருந்தால் அண்டைவீடு. ஒவ்வொரு புள்ளியும் அண்டை வீடுகளோடு ஓர் ஆட்டம் ஆடும்: விட்டுக்கொடுக்கலாம், அல்லது அடுத்தவரை ஏய்த்து அள்ளிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் சுற்றிலும் யார் அதிகம் சம்பாதித்தார்கள் என்று பார்த்து, அவர்களைப் போலவே மாறிவிடும். விட்டுக்கொடுப்பவர்களுக்கு நீலம், ஏய்ப்பவர்களுக்குச் சிவப்பு. நான் எல்லாப் புள்ளிக்கும் சமமாகக் கோடு போட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு பரவி நீலத்தைத் தின்று தீர்த்தது. வீட்டுக்கு வந்தால் காலிக் குடங்கள். படிப்பிலும் தண்ணீர் வரவில்லை, பம்பிலும் வரவில்லை என்று எரிச்சலாக இருக்கும்.

அம்மா வீட்டைக் காலி செய்வதென்று முடிவெடுத்தாள். வள்ளூரில் மாமா வீட்டுப் பக்கம் போய்விடலாம், அங்கே கிணறாவது இருக்கிறது என்றாள். அங்கிருந்து பஸ், ரயில் என்று மாறித் தினமும் கல்லூரிக்குப் போய்வர முடியாது. என் படிப்பு பாதியில் நிற்கும். அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

என் பரீட்சைக்குப் புதிதாக ஒரு ஜாக்கெட் தைக்க அக்காவிடம் அரக்குத் துணி கொடுத்திருந்தாள். அதைத் திருப்பி வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவின் அறையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள்.

“இன்னும் வெட்டலக்கா. இன்னாத்துக்கு அவசரம்?” என்றார் அக்கா.

“வெட்டாத, குட்த்துரு. நாங்க காலி பண்றோம். ஒன் மோட்டாரு ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க பம்புல காத்துதான் வருது. குடிக்கத் தண்ணி இல்லாத வூட்டுக்குப் புது ஜாக்கெட்டு ஒரு கேடா?”

அதுவரை யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. எல்லோர் வீட்டிலும் மோட்டார் இருந்தது, யார் யாரைச் சொல்வது? அக்கா என்னைப் பார்த்தார். “பாப்பா படிப்பு?” என்றார். அம்மா துணிக்காகக் கையை நீட்டினாள். அக்கா துணியை எடுத்தார், மடித்தார், ஆனால் தரவில்லை. “இருக்கட்டும்க்கா, அப்புறம் வா” என்று மிஷினுக்கடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வீட்டு மோட்டார் உறுமவில்லை. அக்கா அதைக் கழற்றி வாசற்படியில், தெருவே பார்க்கும்படி வைத்திருந்தார். மேலே, வெட்டுத் துண்டுகளில் தைத்த ஓர் உறை. அவருக்கு நியாயம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் இழுத்த இழுப்பில் குழாய் விரிசல்கள் வழியாகச் சாக்கடை கலந்து, அவர் டிரம்மிலும் நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. ஆனால் பூனைக்கு மணி கட்டியவர் அவர்தான். முதல் சில நாட்கள் அவர்தான் ஏமாளி. பக்கத்து வீட்டு மோட்டார் அவர் பங்கையும் சேர்த்து இழுத்தது. தோள்வலியோடு தெருமுனைத் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கினார். பெண்கள் கேலி செய்தார்கள்: “இன்னாக்கா, மோட்டாருக்கு ஜாக்கெட்டா? கை வெக்கலியா?”

“ஒன்னுதையும் கழட்டினு வா. கை வெச்சே தெச்சித் தரேன்” என்றார் அக்கா.

வந்த எல்லோரிடமும் இதையேதான் சொன்னார். யாரிடமும் சண்டை போடவில்லை, யார் ஜாக்கெட்டையும் தைக்க மாட்டேன் என்று சொல்லவுமில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரி வெட்கப்பட்டுக்கொண்டே மோட்டாரைத் தூக்கிவந்தாள். பிறகு எதிர்வீடு. தெருவின் தலைப்பக்கம் நாலைந்து மோட்டார்கள் நின்றதும் அந்த வீடுகளின் பம்புகளில் நாற்றம் போய்த் தெளிந்த தண்ணீர் வந்தது. அளவு கொடுக்க வந்தவர்கள் இப்போது அந்தக் குடத்தை எட்டிப் பார்த்தார்கள். உறை போட்ட மோட்டார்கள் படிக்குப் படி இறங்கி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தன. நான் கல்லூரிக்குப் போய், எல்லாப் புள்ளிக்கும் சமமாகப் போட்டிருந்த கோடுகளை அழித்தேன். ஊரே வந்துபோகும் அக்கா வீட்டைப் போல, ஒரு சில புள்ளிகளுக்கு மட்டும் நிறையக் கோடுகள் போட்டேன். அன்றுதான் நீலம் முதல் தடவையாகச் சாகாமல் நின்றது. ஆய்வகம் என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்.

ஒருநாள் விடிகாலையில் எங்கள் பம்பின் கைப்பிடி கனத்தது. தண்ணீர் ஏறினால்தான் அது கனக்கும். அம்மா இரண்டு அடி அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு நேரே அக்காவிடம் போனாள். “ஜாக்கெட்ட வெட்டு. இதுக்கும் ஒண்ணு தெச்சிரு” என்றாள். வள்ளூர்ப் பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவே இல்லை.

இன்று இந்தக் கணக்கைப் பாடமாக நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் ஒரு முள் உறுத்தும். அக்கா வீடு குழாயின் தலைப்பக்கம், தெருவே வந்துபோகும் வீடும் அதுதான்: அந்த ஏற்றத்தாழ்வுதான் எங்களைக் கெடுத்தது, அதுவேதான் காப்பாற்றியது. கடைசி வீட்டுத் தாகம் ஏன் முதல் வீட்டு மனசை நம்பி இருக்க வேண்டும்? எனக்கு இதில் கோபம் உண்டு. அக்காவின் மேல் அன்பும் உண்டு. இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன்.

இன்று என் மிக்சி உறையில்லாமல் நிற்கிறது. போன வாரம் அக்கா போன் செய்தார். வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டும் ஊசி கோக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆனால் குரல் மட்டும் அதே குரல். தெரு நடுவில் புதிதாகக் குடிவந்தவர்கள் மோட்டார் வாங்கியிருக்கிறார்களாம், பெட்டி கூடப் பிரிக்கவில்லையாம்.

“ஒங்கம்மா மோட்டாரு உறை ஒன்னாண்டதான கீது? எத்துனு வா பாப்பா. அளவுக்கு வோணும்.”