முந்திரிக் கொட்டகையில் ஒரு பதிவு

மைக்கைக் கண்டால் மனிதர்கள் மாறிவிடுவார்கள். மொழியியல் துறையில் வேலை பார்த்த காலம் முழுக்க எங்களைப் படுத்தி எடுத்த சங்கதி இது. புதிதாக ஃபீல்டுக்குப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பேச்சுத் தமிழில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்று தமிழரசி என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். பெரம்பலூர்ப் பெண், துடுக்கு. ஜனங்கள் இயல்பாகப் பேசுவதுதான் அவளுக்கு டேட்டா. ஆண்டிமடத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகையில் ரெக்கார்டரை வைத்தாளோ இல்லையோ, அதுவரை கலகலவென்று பேசிய பெண்கள், "நாங்கள் இங்கு பணிபுரிந்து வருகிறோம்" என்று செய்தி வாசித்தார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடுவோ நெருங்கிவிட்டது.

"நானும் ஒக்காந்து உடைக்கிறேன் சார்" என்றாள். எல்லோரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கி, ரெக்கார்டரை ஓடவிட்டு உட்கார்ந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்தது. போகப் போக மிஷினை எல்லோரும் மறந்தே போனார்கள்.

ஒருநாள் நானும் போயிருந்தேன். ராணி, செல்வி என்று இரண்டு ஓரகத்திகள். ராணி மகளுக்கு வந்த வரன் கலைந்ததற்குச் செல்வி வாய்தான் காரணம் என்று சண்டை மூண்டது. அடேயப்பா, என்ன பேச்சு. என் சர்வீசில் அப்படி ஒரு பதிவு கிடைத்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

சண்டை ஓய்ந்ததும்தான் ராணிக்கு உறைத்தது.

"ஏம்புள்ள, அந்த மிஷினு ஓடிக்கிட்டா இருக்கு?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணு பேச்செல்லாம் அதுல கெடக்கே. வெளில போச்சுன்னா அவளுக்கு இன்னொரு எடம் அமையுமா?"

பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் தமிழரசி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இங்க வாங்கக்கா. இதான் அழிக்கிற பட்டன். நீங்களே அமுக்குங்க."

ராணி அமுக்கினாள். அன்றைய பதிவு முழுக்கப் போயிற்று.

மிச்சம் இருந்ததை வைத்து ஆய்வேட்டை ஒப்படைத்தாள். வைவாவில் வெளித்தேர்வாளர் சரியாக அங்கேயே கைவைத்தார். "இந்த இயல்ல எடுத்துக்காட்டு ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. சண்டைப் பேச்சு ஒண்ணுகூடவா கெடைக்கல?"

"கெடச்சுது சார். வேணாம்னு சொன்னாங்க. அழிச்சுட்டேன்."

அவர் தலையாட்டினார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கிடைத்தது. அன்று எனக்கு வந்த பெருமை என் சொந்தப் பட்டத்துக்குக்கூட வந்ததில்லை.

அதன்பின் ரிடையர் ஆகும்வரை, புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில் ரெக்கார்டரைக் கொடுக்கும்போது, பதிவு செய்யும் பட்டனை இரண்டாவதாகத்தான் காட்டினேன்.