டயர்த் தடத்தோரம் ஆட்காட்டி

பஹ்மியா கிண்ணியாவில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். வெள்ளிக்கிழமைகளில், விடியற்காலை சுபஹு தொழுத கையோடு கமெராவைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக் களப்பின் உப்புநீர்க் கரையோரம் போய்விடுவாள்.

தொடக்கத்தில் அவள் எடுத்த படங்கள் அடையாள அட்டைப் படங்கள் மாதிரித்தான் இருந்தன. கொக்கென்றால் படம் முழுக்கக் கொக்கு மட்டுமே. குருவி பார்க்கிற பக்கம் கொஞ்சம் வெளி விட வேண்டும் என்பது பார்த்துப் பார்த்து அவளாகவே பிடித்துக்கொண்டது. குருவியின் கண்மட்டத்துக்கு இறங்கவேண்டி வந்தால் சேற்றிலும் குப்புறப் படுத்துவிடுவாள்.

போன வருஷம் மே மாதம், வெறுந்தரையில் நான்கு முட்டைகளோடு ஓர் ஆட்காட்டிக் குருவியைக் கண்டாள். ஒரு சாண் தள்ளி உழவு இயந்திரத்தின் டயர்த் தடம், ஈரம் காயாமல் கிடந்தது. குருவியை இடப்பக்க ஓரத்தில் வைத்து, தடம் படத்தின் மறுகரை வரை ஓடும்படி எடுத்தாள்.

கலண்டருக்குப் படம் கேட்டிருந்த திருகோணமலை அச்சகத்துக் கனகசுந்தரம், கணினியில் தடத்தை வெட்டிக் காட்டினார்.

"பாருங்கோ பிள்ளை, இப்ப குருவி எவ்வளவு எடுப்பா இருக்கு!"

"வடிவுதான் ஐயா. ஆனா அது எவ்வளவு தைரியமா இருக்கெண்டு இதில விளங்காதே. வெட்டித்தான் போடுவீங்க எண்டா என்ட படம் வேணாம்."

அவர் இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "மே மாதத்துக்கு உங்கட படம்தான். முழுசாப் போடுறன்."

இந்த மே மாதம், பாமசிக்கு மருந்துத் துண்டே இல்லாமல் ஒருவன் வந்து நின்றான். களப்போரமாக உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றுகிற சரீப்.

"ராத்தா, சலூன்ல கலண்டர் பார்த்தன். அது என்ட டயர்தானே?"

"தெரியா தம்பி. அந்தப் பக்கம் நீங்க மட்டுமா போறீங்க?"

"வேற ஆரும் போறல்ல. அல்லாவே, அதில குருவி இருந்தது எனக்குத் தெரியாது." அவன் முகம் வாடிப்போயிருந்தது. "இப்பவும் இருக்குமா?"

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். தேடித் தேடி மூன்று கூடுகள் கண்டார்கள். சரீப் மறுநாளே மேட்டுப்பக்கமாகப் பாதையை மாற்றினான். சுற்றுத்தான், ஆனாலும் முணுமுணுக்கவில்லை.

ஜூனில் ஒரு மத்தியானம் அவன் தொலைபேசியில் அழைத்தான். "ராத்தா, குஞ்சு ஓடுது! கெதியா வாங்க!"

பஹ்மியா சாப்பாட்டுப் பார்சலை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.