ஆள் பெயர் வைக்காத காயத்ரி அக்கா

பள்ளிக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைபேசி ஒலித்தது. பேசியவர் எங்கள் தமிழ் நூலகத்தின் செயலாளர் ராமன் மாமா. அம்மா கைபேசியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காயத்ரி போயிட்டா, மீனு."

டெங்குக் காய்ச்சல். அக்காவுக்கு இருபத்தாறு வயது.

டாக்குரியா பகுதியில் உள்ள எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களில் பலர் காயத்ரி அக்காவைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிறு காலைகளில் அவர் பின் அறையில், பழைய கணினியின் முன் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். வார நாட்களில் சால்ட் லேக்கில் மென்பொருள் வேலை. ஞாயிறன்று, புத்தகங்களை இரவல் கொடுத்து வாங்குவதற்கான கணினி நிரலை நூலகத்துக்காக எழுதிவந்தார். பள்ளியில் ஜாவா என்ற கணினி மொழி படிக்கிற என்னையும் சேர்த்துக்கொண்டார்.

"எனக்குப் புத்தகம் தெரியாது, உனக்குத் தெரியும். வா, பார்ட்னர்" என்றார்.

ஜாவாவில் கிளாஸ் என்ற சிறு துண்டுகளாக எழுதி, அவற்றைப் பேக்கேஜ் என்ற பொட்டலங்களில் பெயரிட்டுப் பிரித்து வைக்க வேண்டும். நான் எழுதியதையெல்லாம் 'மீனு' என்ற ஒரே பேக்கேஜில் போட்டுவைத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆரே பாபா, மீனுன்னு ஒரு பொட்டலம்! உள்ள என்ன, மிக்ஸரா?"

"நான்தானே அக்கா எழுதினேன்?"

"நாளைக்கு நீ டெல்லிக்குப் படிக்கப் போயிட்டா, அபராதக் கணக்கைத் தேடறவங்க மீனுக்குள்ளயா தேடுவாங்க? ஆள் வரும், போகும். வேலையோட பேரை வை."

அன்று எல்லாவற்றையும் புத்தகம், வாசகர், இரவல், அபராதம் என்று பிரித்தோம். எங்கே வைப்பதென்று தெரியாதவற்றுக்கு 'இதர' என்று ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன்.

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல என்னென்ன இருக்கு, சொல்லு."

"மாத்திரை, சாவி, ரப்பர் பேண்ட், பழைய கரண்ட் பில்..."

"அதேதான் ஆகும்."

ஒருமுறை நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. அகராதியை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை அக்கா இரவல் பேக்கேஜில் எழுதியிருந்தார். அது அந்தப் புத்தகத்தின் குணம், புத்தகத்தோடுதான் இருக்க வேண்டும் என்று வாதாடினேன். அக்கா திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். "டீக் ஆச்சே, சரிதான், தோத்துட்டேன்" என்று சொல்லி, தான் எழுதியதை இடம் மாற்றினார். தோற்றதற்காக எனக்கு எக் ரோல் வாங்கித் தந்தார்.

பூஜை விடுமுறைக்குப் பிறகு நூலகத்தில் நிரலைப் பயன்படுத்தத் தொடங்குவதாக இருந்தது. சோதித்துப் பார்க்க, பயணக் கட்டுரைப் புத்தகம் ஒன்றைத் தன் பெயரிலேயே இரவல் எடுத்தார். "முதல் வாசகி நான்தான். படிச்சு முடிச்சு நானே திருப்பித் தருவேன், பாரு" என்றார். அடுத்த ஞாயிறு மருத்துவமனையிலிருந்துதான் பேசினார். குரல் மெலிந்திருந்தது.

"அபராதம் மட்டும் பாக்கி. நீ முடிச்சிடு, மீனு. மத்ததெல்லாம் அதது இடத்துல இருக்கு."

அதற்குப் பிறகு நான் அவர் குரலைக் கேட்கவில்லை.

அபராதப் பேக்கேஜை எழுதி முடித்தேன். "அவ பேர் எங்கயாவது இருக்கணும்மா" என்று ராமன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அதே ஆசைதான். எல்லாப் பேக்கேஜ்களையும் 'காயத்ரி' என்ற ஒன்றுக்குள் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே என்ன, மிக்ஸரா என்று அவர் கேட்பது போலிருந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். "அக்காவுக்குப் பிடிக்காது மாமா" என்றேன்.

போன ஞாயிறு நிரல் ஓடத் தொடங்கியது. வாசகர் பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர் காயத்ரி. ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடம் அதுதான். எதிரே அந்தப் பயணப் புத்தகம். திருப்பிய தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"அவங்க வீட்ல கேட்டு வாங்கிடலாமா?" என்றார் மாமா.

"வேண்டாம் மாமா."

மெதுவாகப் படியுங்கள், அக்கா.