பெத்சாய்தாவில் மடு மண்

மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வோபர்னில் குடியிருக்கும் அமிர்தநாதர் வாழ்நாள் முழுக்க ட்றக் ஓடியவர். ஒருநாளும் வழி தவறியதில்லை. ஜிபிஎஸ்தான் தவறும்; இவர் திருத்திவிடுவார். அதனால், பைபிளில் வரும் பேதுருவின் ஊரான பெத்சாய்தா எங்கே இருந்ததென்று அறிஞர்கள் இரண்டு இடங்களைக் காட்டிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். தன் கையால் கிண்டி முடிவு கட்டாமல் விடுவதில்லை!

"ஒரு ஊருக்கு ரெண்டு சங்கம் நடத்துற ஆக்கள் நாங்கள். ஒரு பேருக்கு ரெண்டு ஊர் எண்டால் புதினமே?"

"உங்கட முழங்காலுக்குப் புதினமப்பா," என்றார் மனைவி றெஜினா. என்றாலும் பெட்டிக்குள் மடு மாதா கோயில் மண்ணை முடிந்து வைத்தார். அந்த மண் கிடக்கிற இடத்தில் பாம்பு அண்டாது என்பது மன்னார் வீடுகளில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட விசயம்.

கலிலேயாவில், அந்த ஊரைத் தேடி அகழ்வு நடத்திய பேராசிரியர் மாக்கஸ், தொண்டராகப் போன இவருக்கு ஒரு குழியை ஒதுக்கினார். அமிர்தநாதர் முதல் வேலையாக, யாரும் வருமுன் குழி முழுக்க மடு மண்ணைத் தூவி, தண்ணீர் தெளித்து, மிதித்துவிட்டார். அடுத்த நாள் காற்று அதன்மேல் புழுதியைப் போட்டு மூடியது.

பிறகு மாக்கஸ் தூரிகையும் கையுமாக வந்து தட்ட, சிவப்பாய் ஒரு மெல்லிய மண்படை தெரிந்தது.

"இது இந்தப் பக்கத்து மண்ணே இல்லை! யாரோ தூரத்திலிருந்து கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள்!"

எல்லோரும் ஓடிவந்து முழந்தாளிட்டார்கள், படமெடுக்கத்தான். ஒருவர் லேபுக்கென்று ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டார். பாராட்டு தனக்கென்று அமிர்தநாதருக்கு விளங்கிவிட்டது.

"ஓம், நான்தான் போட்டனான். அண்டைக்குப் பிறகு ஆராவது பாம்பு கண்டனீங்களோ?"

ஒருவரும் காணவில்லை. ஆனால் விஞ்ஞானத்துக்கு நன்றி சொல்லத் தெரியாது. மிச்ச நாளெல்லாம் அவரை உடைந்த பானை ஓடு கழுவ விட்டார்கள்.

இந்த வருடமும் விண்ணப்பித்தார். போன கிழமை மாக்கஸ் வீடியோவில் வந்தார். கிண்ட விடுவாரா, கழுவ விடுவாரா? றெஜினா குசினிக்குள் அடுப்பை அணைத்துவிட்டுச் செபமாலையோடு நின்றார்.

"வாருங்கள். கிண்டலாம். ஆனால் ஒரு பிடி மண்ணும் கொண்டுவரக் கூடாது."

"மாதாவாணை, கொண்டுவரமாட்டன். எனக்குப் பழைய குழிதான் வேணும்."

மாக்கஸ் நெகிழ்ந்துபோய்ச் சம்மதித்தார்.

"அப்ப பாம்புக்கு என்னப்பா செய்யிறது?" என்று றெஜினா பதறினார்.

"ஏன் அதே குழியைக் கேட்டனான்? லேபுக்கு அள்ளினது போக மிச்சம் அங்கதானே கிடக்குது!"