லீவுக்கு முன்ன சாந்தி அக்கா போடுற வாய்ஸ்

சாந்தி அக்கா இறந்துட்டாங்க.

காலையில ஷிப்ட் முடிஞ்சு மோட்டார் சைக்கிள் எடுக்கப் போறப்போதான் பள்ளி க்ரூப்ல பார்த்தேன். ஒரு டீச்சர் போட்டிருந்தாங்க. நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம்... ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்.

ஜெலாப்பாங் பேக்டரி பார்க்கிங்ல கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். யாருக்குப் போன் பண்ணி சொல்றதுன்னு தெரியல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். சாந்தி அக்கா என் மக படிச்ச தமிழ்ப்பள்ளியில கிராணி. ஆபீஸ் வேலை மொத்தமும் அவங்கதான். பெற்றோர் வாட்ஸ்அப் க்ரூப்புக்கு அட்மினும் அவங்கதான்.

வருஷக் கடைசி லீவு நெருங்கிட்டா அவங்க வாய்ஸ் வரும். அறிவிப்பு எழுதியும் போடுவாங்க. யாரும் படிக்கறதில்லன்னு பேசியும் அனுப்புவாங்க.

"வணக்கம் பெற்றோர்களே. வெள்ளிக்கிழமையோட பள்ளி முடியுது. பள்ளியில குடுத்த பாடப்புத்தகம் எல்லாம் திருப்பிக் குடுத்துருங்க. அட்டை கிழிஞ்சிருந்தா ஒட்டி அனுப்புங்க, அப்படியே அனுப்பாதீங்க லா. வகுப்பு பார்ட்டிக்கு சோடா வேணாம். பிள்ளைங்கள நேரத்தோட வந்து ஏத்திக்கிட்டுப் போங்க, மழை வருது..."

பின்னால ஆபீஸ் பேன் சத்தம் கேக்கும். நடுவுல யாராவது கூப்பிட்டா "இரு வாரேன்"னு சொல்லிட்டு தொடர்ந்து பேசுவாங்க. அதையும் வெட்டாம அப்படியே அனுப்பிருவாங்க.

ஒரு தடவ பேக்டரில ஓவர்டைம் போட்டுட்டாங்க, நல்ல மழை வேற. நான் போய் சேர்றப்போ பள்ளியே காலி. பிள்ளைய கேட்டுல தனியா நிக்க விடக்கூடாதுன்னு ரூல்ஸ். அக்கா வீட்டுக்குப் போகாம பாப்பாவ ஆபீஸ்ல வெச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"சாரி அக்கா"ன்னேன்.

"லேட்டாகும்னா ஒரு போன் போட்டுடுங்க அண்ணே, அது போதும். நான் வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன், யாரு இருக்கா."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. என்னைவிட மூத்தவங்க. ஆனா பிள்ளைங்களோட அப்பா எல்லாரும் அவங்களுக்கு அண்ணேதான்.

பாப்பா மூணாம் ஆண்டு முடிக்கறப்போ எங்க வீட்டுல பிரச்சன பெருசாயிருச்சு. பாப்பா அவ அம்மாவோட கிள்ளான் போயிட்டா. பள்ளி மாத்தறதுக்கு சைன் போட நான் மட்டும் போனேன். அக்கா ஒண்ணும் கேக்கல. கோப்பி கலக்கிக் குடுத்தாங்க. நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் எதிர்ல சும்மா உட்கார்ந்திருந்தாங்க.

அந்த வருஷமும் லீவுக்கு முன்ன வாய்ஸ் வந்துச்சு. "ஆறாம் ஆண்டு முடிச்சவங்க, பள்ளி மாறிப் போறவங்க... உங்கள க்ரூப்ல இருந்து எடுக்கப் போறேன். பள்ளி ரூல்ஸ் லா, யாரும் கோவிச்சுக்காதீங்க."

அன்னிக்கு சாயங்காலம் ஒவ்வொரு பேரா போச்சு. குனோங் ராபாட்ல வீட்டு ஹால்ல உட்கார்ந்து போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். என் பேரு வரல.

மறந்துட்டாங்க போலன்னு மறுநாள் மெசேஜ் போட்டேன். உடனே போன் பண்ணாங்க.

"மறக்கல அண்ணே. எடுக்கவா?"

போனை இன்னொரு காதுக்கு மாத்துனேன். அவங்க அவசரப்படுத்தல.

"இருக்கட்டும் அக்கா."

"சரி, இருங்க. க்ரூப்ல ஒண்ணும் போட்டுறாதீங்க. பெரியவரு பார்த்தா என்னைத்தான் கேப்பாரு."

பெரியவருன்னா தலைமையாசிரியர்.

அதுக்கப்புறம் எல்லா அறிவிப்பும் எனக்கும் வந்துச்சு. பல் டாக்டர் வர்றாங்க... விளையாட்டுப் போட்டிக்கு நீலச் சட்டை... முடி வெட்டி அனுப்புங்க... ரெஸ்ட் டைம்ல கேண்டீன் ஓரமா உட்கார்ந்து காதுல வெச்சு கேப்பேன். கூட வேலை செய்யறவங்க யாரு அதுன்னு கேட்டா, பாப்பா ஸ்கூலுன்னு சொல்லிருவேன்.

பாப்பாவுக்குப் போன் பண்ண எனக்கு அது ஒரு சாக்கு. சும்மா கூப்பிட்டா "ம்... ம்..."னு சொல்லிட்டு வெச்சுருவா.

"பாப்பா, புத்தகம் எல்லாம் குடுத்துட்டியா?"

"அப்பா, இங்க வேற ஸ்கூல் பா."

"அங்கயும் குடுக்கணும்தானே?"

"ஆமா... அடுத்த வாரம். ஒண்ணு அட்டை கிழிஞ்சிருச்சு பா."

"ஒட்டிட்டியா?"

அப்படியே பேச்சு போகும். சில நாள் ரொம்ப நேரம்கூட போகும்.

இந்த வருஷ வாய்ஸ் போன வாரம்தான் வந்துச்சு. குரல் கொஞ்சம் கட்டியிருந்துச்சு. மழைக்காலம்தானே, சளியா இருக்கும்னு நெனச்சேன்.

சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். நாங்க குடியிருக்கற தாமானுக்கு ரெண்டு ரோடு தள்ளிதான். இவ்வளவு கிட்ட இருந்திருக்காங்க, எனக்குத் தெரியாது. வாசல்ல ஒரே ஒரு ஜோடி செருப்பு வைக்கிற அளவுக்கு சின்ன ரேக். கோலா கங்சார்ல இருந்து தம்பி குடும்பம் வந்திருந்தாங்க.

பந்தல்ல பெற்றோர் கொஞ்ச பேரு இருந்தாங்க. எல்லாம் புது முகம். ஒரு அம்மா பக்கத்துல வந்து கேட்டாங்க, "உங்க பிள்ளை எந்த வகுப்பு அண்ணே?"

"என் மக கிள்ளான்ல படிக்குது."

அவங்க என்னைப் பார்த்தாங்க. அப்புறம் மினரல் தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அந்த ஆபீஸ் ரொம்பக் குளிரும் பா. அக்கா அவங்க ஸ்வெட்டரக் கழட்டி எனக்குப் போட்டு விடுவாங்க."

இது எனக்குத் தெரியாது.

லீவுக்கு இங்க வர்றியான்னு கேக்க நெனச்சேன். கேக்கல. அவளும் போன வைக்கல. ரெண்டு பேரும் சும்மாவே லைன்ல இருந்தோம்.

நாளைக்கு மத்தியானம் எடுக்கறாங்க. ஷிப்ட் மாத்திக் கேட்டிருக்கேன்.

வாரேன் அக்கா.