லாபம், ரெண்டு, மூணு

எண்கள் ஒன்றில் தொடங்கும் என்று இன்றைக்கும் பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டு எண்கள் லாபத்தில் தொடங்கின. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக் கூடாது, குறைவு வரும் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும்.

நான் இரண்டாம் வகுப்பு முடிக்கிற சமயம். நூறுவரை தெரியும், பூஜ்யமும் தெரியும். அந்தத் திமிர் எனக்கு இன்னும் போகவில்லை. "நூறு மரக்கால் கண்டா நீ மூணாங்கிளாஸ் போ. இல்லன்னா அம்மா கூலிக்குப் போணும், நீதான் தம்பியப் பாக்கணும்" என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அன்று சுந்தரபாண்டியபுரத்துக் களத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குற்றாலத்து மலைப் பக்கம் கோடை மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அப்பா முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டி, "லாபம்" என்றார்.

"அப்படி ஒரு எண்ணே கெடையாது. அது ஒண்ணுப்பா!" என்று கத்திவிட்டேன்.

சாக்கைப் பிடித்திருந்த சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏட்டி, உன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க! களத்துல நின்னுக்கிட்டு ஒண்ணுங்கா. வெளங்குமா?"

அப்பா திட்டவில்லை. நெல்லைக் குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி லாபம் என்று ஆரம்பித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். இருபது வந்ததும் நிறுத்தினார்.

"ஏலே, இருபதா பத்தொம்பதா?"

"இருபதுதாண்ணே."

"சந்தேகமா இருக்கு. கொட்டுலே."

"மழ வருதுண்ணே!"

சித்தப்பா சாக்கைக் கவிழ்த்தார். மூன்றாவது தடவையாக லாபம். அப்பாவின் கை முன்னைவிட மெதுவாகப் போனது. எனக்கோ முடிவு தெரியப் பறந்தது.

தொண்ணூற்றொன்றில் தரை தெரிந்தது. கூட்டி அள்ளியதில் அரை மரக்கால் தேறியது. அரையெல்லாம் எங்கள் வகுப்பில் இன்னும் வரவில்லை. அதை முழுசு என்று வைத்தாலும் எட்டுக் குறைந்தது.

"பாத்தியா, நீ சொன்ன ஒண்ணு எட்டைத் தின்னுட்டு" என்றார் சித்தப்பா. அப்பா தலை நிமிராமல் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்.

என் வாய்தான் என் படிப்பைக் கெடுத்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பிறகு நானே வயல் பார்த்தேன். குவியலைப் பார்த்ததுமே இத்தனை மரக்கால் என்று சொல்கிற கண் எனக்கும் வந்தது. அப்பாவுக்கு என்னைவிடத் தேர்ந்த கண். மரக்காலைத் தொடும் முன்பே நூறு தேறாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர், மழை வருகிற நேரத்தில் எதற்குத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து அளந்தார் என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை.