கிட்டுவின் உரத்த தமிழ்

பச்சை மிளகாயைக் கிள்ளும்போது எழும் காரமான வாசனை மூக்கில் ஏறினால், கண்ணில் நீர் வருவதற்கு முன்பே என் காதில் ஒரு குரல் கேட்டுவிடும்: "ஏனுங்க, சோறு ஆறுதுங்க!" அது என் அம்மாவின் குரல் என்று நீங்கள் நினைத்தால் தவறில்லை. அப்பாவே பலமுறை அப்படி நினைத்து, குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்து ஏமாந்திருக்கிறார். சொன்னது கிட்டு. ஹனூர் மாமா எங்கிருந்தோ பிடித்து, இறகை வெட்டி, கூண்டோடு கொண்டுவந்து கொடுத்த மிளகாய்ப் பைத்தியமான கிளி.

மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே ஸ்கூட்டர்கள் வந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டிய சந்து ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தெரு மளிகை மண்டியில் வேலை. வாசற்படிக்கு உள்ளே தமிழ், வெளியே கன்னடம் என்பது எங்கள் வீட்டின் எழுதாத சட்டம். காலில் செருப்பை மாட்டும்போதே எங்கள் நாக்கும் மாறிவிடும். கிட்டு மட்டும் படி தாண்டியதில்லை. நாள் முழுக்க அடுப்படி ஜன்னலில் தொங்கிக்கொண்டு, சமைத்தபடியே அம்மா பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு, தமிழ்நாட்டு எல்லையோரம் அவள் பிறந்த ஹனூரின் தமிழை அப்படியே அவள் குரலில் திருப்பிச் சொல்லும்.

மழை ஏமாற்றிய வருஷங்களில் காவிரித் தண்ணீர்ச் சண்டை வந்துவிடும். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் ஒருமுறை அது கொஞ்சம் முற்றிப்போனது. எல்லையில் பாலாறு செக்போஸ்டில் பஸ்களை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியோடு வந்த அப்பா, "சண்ட தீர்ற வரைக்கும் வெளிய கேக்கற மாதிரி ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றார். அன்றே தமிழ் நாள்காட்டி சுவரிலிருந்து இறங்கி பீரோவுக்குள் போனது, பத்திரிகை மெத்தைக்கு அடியில் போனது, தொலைக்காட்சியில் பாட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் கிசுகிசுப்பாகிவிட்டது. இத்தனையையும் ஒளித்து வைத்த நாங்கள், சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலில் தொங்கிய கிட்டுவை மறந்தே போனோம். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

ஒரு நாள் மதியம் இளைஞர்கள் சிலர் கோஷம் போட்டபடி சந்துக்குள் வந்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் ஒண்டினோம். கோஷத்துக்கு நடுவே அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்ட நேரம் பார்த்து கிட்டு கணீரென்று கூவியது. "ஏனுங்க, சோறு ஆறுதுங்க!"

வெளியே சத்தம் நின்றுவிட்டது. யார் வீடு இது என்று ஒருவன் கன்னடத்தில் கேட்பது காதில் விழுந்தது. அம்மா முந்தானையால் கூண்டை மூடினாள். அப்பா கிளியை வெளியே விட்டுவிட நினைத்துக் கூண்டின் கதவில் கை வைத்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "றெக்க வெட்டுன கிளிங்க. பூன கடிச்சுப் போட்டுருமுங்க." நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்போது எதிர்வீட்டு சாவித்ரம்மாவின் குரல் கேட்டது. அவர் கன்னடக்காரர், எங்கள் அம்மாவோடு குழாயடியில் அடிக்கடி சண்டை போடுகிறவர். "நம்ம கிளி அது. தமிளு மாத்தாடுத்தே. ஏனீவாக?" எங்கள் கிளிதான், தமிழ் பேசுகிறது, இப்போது அதற்கென்ன என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டதை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசியவர்கள் எங்கள் சந்தில் கிடையாது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாருமே சிரித்தார்கள், கூட்டம் நகர்ந்துவிட்டது.

சற்று நேரத்தில் சாவித்ரம்மா கதவைத் தட்டிக் கூண்டைக் கேட்டார். "பொய் சொல்லாச்சு. இனி அது நம்ம வீட்லே இர்லி. எங்க வீட்ல தமிளு பேசினா யாரு கேக்குது?"

அதன்பின் வந்த வாரங்கள் விசித்திரமானவை. எங்கள் வீட்டில் அம்மா குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டிலிருந்து அவளுடைய குரல் அதட்டும், கொஞ்சும், சோறு ஆறுகிறதென்று ஊரையே கூப்பிடும். ஒரு மாலை மண்டியிலிருந்து திரும்பிய அப்பா, அந்த அழைப்பைக் கேட்டு ஏதோ யோசனையில் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றபடி நேராக சாவித்ரம்மா வீட்டுப் படியேறிவிட்டார். சந்தே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ற கொரலு இத்தன சத்தமா இருக்குமுன்னு எனக்கே மறந்து போச்சு கண்ணு" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மொழிப்பற்று பற்றிக் கட்டுரை எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன், ஒன்றும் நினைவில்லை. தன்னோடு பிரியமாகப் பேசியவர்களின் பேச்சை ஒரு கிளி கூச்சமில்லாமல் பேசும், அதில் ஒளிக்க எதுவுமில்லை என்பதை மட்டும் கிட்டுவிடம் கற்றேன். சண்டை அடங்கியபின் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அது சாவித்ரம்மா குரலில் "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரித்தது. அம்மாவின் தமிழையும் அது விடவில்லை. ஒரு மொழி வர இன்னொன்று வெளியேற வேண்டியதில்லை என்பதும் அந்தச் சின்னத் தலைக்குத் தெரிந்திருந்தது. குழாயடிச் சண்டையும் வழக்கம்போல் தொடங்கியது.

இப்போது மைசூரிலேயே விஜயநகரில் இருக்கிறேன். அம்மாவும் இல்லை, சாவித்ரம்மாவும் இல்லை. கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்கிறது சட்டம், நல்லதுதான். போன வாரம் காய்கறிக் கடையில் ஹனூர் அத்தை போனில் கூப்பிட்டாள். என்னையறியாமல் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு பேசினேன். கூட வந்திருந்த மகன் வியப்போடு பார்த்தான். "யாக்கம்மா இஷ்டு மெல்லகெ மாத்தாடுத்தீயா?"

ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாய் என்கிறான். எதற்காகப் பயப்பட வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அத்தையிடம் கொஞ்சம் பேசு என்று போனை நீட்டினேன். தமிழில் என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் சிரித்து நழுவினான். கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி நானே உரக்கப் பேசி முடித்தேன்.